பலாப்பழம் அடித்த வலது கை

நேற்றுக் காலை உங்களில் ஒருத்தி குத்திப் பழகக் கையில் பேட் பிடித்தேன். பேர் சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். இடது கை விழும்போதெல்லாம் சத்தம் கணீரென்று வந்தது. வலது கை மட்டும் பட்டும் படாமலும் ஒரு தடவல். கையில் என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லையே அக்கா என்றாள். சொல்லும்போதே முகம் சுருங்கிப்போனது. அவளுக்கு முதல் தொழில்முறைச் சண்டை வரப்போகிறது, சொன்னால் ரத்து செய்துவிடுவேனோ என்று பயம். எனக்குக் கோபம் வந்தால் நாம் பழகுகிற இந்தப் பழைய கோழிப்பண்ணை ஷெட்டின் தகரமே அதிரும் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று நான் கத்தவில்லை. கத்துவதற்குப் பதிலாக இதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஓடுவது, கயிறு தாண்டுவது, பை குத்துவது பற்றியெல்லாம் இங்கே பேச்சே இல்லை. அதைத் தினமும் செய்து நாக்குத் தள்ளிப்போய்த்தான் கிடக்கிறீர்கள். நான் சொல்லப்போவது நான் ஒரே கையால் போட்ட ஒரு சண்டையைப் பற்றி. சந்தவாசல் கடைத்தெருவில் அதைப் பற்றி ஏதேதோ கதை உலவுகிறது. என் தந்திரத்தைப் பற்றி, என் மூளையைப் பற்றி. பாதி புளுகு.

அப்போது நான் தேசியப் பட்டத்தை வைத்திருந்தேன். வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. என்னை எதிர்த்து வரவேண்டியவள் ரோசி, வடசென்னைப் பெண், என்னைவிட ரொம்ப இளையவள், கால் அப்படி ஓடும். சண்டையை ஏற்கெனவே ஒரு முறை என் காய்ச்சலுக்காகத் தள்ளிப்போட்டிருந்தார்கள். இன்னொரு முறை தள்ளினால் பட்டத்தை என்னிடமிருந்து எடுத்து வேறு இரண்டு பேரை அதற்காகச் சண்டை போடவிடுவோம் என்று குத்துச்சண்டைச் சங்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்படி எடுத்துவிட்டால் என் வயதுக்கு யார் மறுபடி கூப்பிடப்போகிறார்கள்? அந்தப் பட்டம்தான் என்னை மலையிலிருந்து இறக்கி நாலு பேர் பார்க்க நிறுத்தியது. அதை ரிங்குக்குள் தோற்றுக் கொடுக்கலாம், வீட்டில் உட்கார்ந்துகொண்டு கொடுக்க எனக்கு மனசு இல்லை.

சண்டைக்குச் சில வாரம் இருக்கும்போது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பலாப்பழம் இறக்குகிற காலம். மரம் ஏறாதே, தொரட்டி பிடிக்காதே, சாமை மூட்டை தூக்காதே என்று எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தார். நான் எதையும் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் மேலே இருந்து பழத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பழம் முடிச்சிலிருந்து நழுவியது. பெரிய பழமாக இருந்திருந்தால் நானும் ஒதுங்கியிருப்பேன். இது கைக்குழந்தை அளவுதான், தாழ்ந்த கிளை வேறு. வலது கை தானாக நீண்டுவிட்டது.

இந்தத் தப்பை எங்களை மாதிரி ஆட்கள்தான் செய்வோம். மலைக்காரிக்கு விழுகிற பழத்தைப் பார்த்தால் மனசு கேட்காது, உடைந்த பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகிற ஜீப்காரர் ஏற்றமாட்டார். குத்துச்சண்டைக்காரிக்கோ எது வந்தாலும் கை அதற்கு முன்னால் போய் நிற்கும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் வேறென்ன ஆகும்? பழத்தின் முழு கனமும் என் கட்டைவிரலில் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. அண்ணன் மேலே இருந்து முதலில் கேட்டது, பழம் தப்பிச்சுதா என்று. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், அப்படியே மேட்டுக்கு நடந்தேன். அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மாஸ்டரைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். இதில் நான் பெரிய உத்தமி என்று நினைக்காதீர்கள். வீங்குகிற விரலை அவரிடமிருந்து எத்தனை நாள் மறைக்க முடியும்? அவருடைய பேரை நான் சொல்லப்போவதில்லை, சொல்லக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். வேலூர்க்காரர், என் கார்னரில், அதாவது ரிங்கில் என் மூலையில், கடைசி வரை நின்றவர், அவ்வளவு போதும்.  

கேட்டு முடித்ததும் "வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

திருப்பத்தூரில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தோம். எலும்பு உடையவில்லை, மூட்டைப் பிடித்திருக்கிற நார் பிய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். சண்டை நாளுக்குள் வீக்கம் வடியும், விரல் அசையும். ஆனால் அந்தக் கையால் ஓங்கிக் குத்தினால் மீதி நாரும் போய்விடலாம், அப்புறம் டம்ளரைப் பிடிப்பதே பாடாகிவிடும் என்று நேராகச் சொன்னார்.

என் அண்ணியை உங்களுக்குத் தெரியும். இந்த சந்தவாசல்காரர்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அண்ணன் விரும்பிக் கட்டிக்கொண்டு மலைக்கு அழைத்து வந்தவர். என் சண்டைகளில் முகத்தில் கிழிந்தால் ரத்தத்தை நிறுத்துகிற வேலை அவருடையது. அன்றைக்கு அவர் என் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கோபமாகத்தான் அழுதார்.

"பட்டம் போனா இன்னொண்ணு வாங்கலாம் அலமேலு. கை போனா எந்தக் கடையில வாங்குவ?"

 என் மனசு அசையவில்லை. இடது கை இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு போகிறேன், தோற்றால் அங்கே போய்த் தோற்கிறேன் என்றேன். அண்ணி மாஸ்டரைப் பார்த்தார், அவராவது தடுப்பார் என்று.  மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சோத்தாங்கைய பொட்டியில வச்சுப் பூட்டியாச்சுன்னு நெனச்சுக்க. நடுவுல ஒரு தபா எடுத்தாலும் நான் டவலை உள்ள வீசிடுவேன். நீ ஜெயிச்சினு இருந்தாலும் வீசுவேன்."

கார்னரிலிருந்து டவல் விழுந்தால் சண்டை அதோடு முடிந்தது, எதிராளி ஜெயித்த மாதிரி. அவர் வீசுவார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சரிங்க மாஸ்டர் என்றேன். எடை பார்க்கிற அன்றைக்கு சண்டை டாக்டரிடமும் கையை நீட்டி, படத்தையும் காட்டினோம். அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார், கடைசியில் அனுமதித்தார்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உங்களில் யாரும் இன்னும் சண்டைக்குமுன் கைக்குத் துணி சுற்றுகிற அறைக்குள் போனதில்லை. தொழில்முறைச் சண்டையில் உங்கள் கையில் துணி சுற்றும்போது எதிராளியின் ஆள் ஒருவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். துணிக்குள் எதையாவது வைத்துக் கட்டுகிறோமா என்று பார்ப்பதற்குத்தான் அந்த வழக்கம். அவர் தலையாட்டிய பிறகுதான் அதிகாரி வந்து டேப்பின் மேல் கையெழுத்துப் போடுவார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்கிறவர் துணியை மட்டுமா பார்ப்பார்? நீங்கள் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறீர்கள், எந்த விரலைத் தொட்டால் மூச்சை இழுக்கிறீர்கள், எல்லாம் பார்ப்பார். பார்த்ததை அப்படியே போய்த் தன் பெண்ணிடம் சொல்வார்.

ரோசியின் பக்கமிருந்து வந்தவரை எல்லோரும் நைனா என்பார்கள். தலை முழுக்க நரை, காது இரண்டும் அடிவாங்கி மடங்கிப்போனவை. அந்த நாற்காலியில் அவர் உட்காராத சண்டையே மெட்ராஸில் இல்லை என்பார்கள். வந்தார், உட்கார்ந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

இடது கை முடிந்தது. மாஸ்டர் வலது கையை எடுத்தார். அங்கேதான் சிக்கல். கட்டைவிரலுக்குக் காப்பு வேண்டும் என்றால் அதைச் சுற்றிக் கூடுதலாகக் கட்டவேண்டும். விதியில் உள்ள அளவுக்குள்தான், தப்பே கிடையாது. ஆனால் இடது கையைப் போல இல்லாமல் வேறு மாதிரிக் கட்டினால் நைனா அந்த நொடியே கண்டுபிடித்துவிடுவார். மறைக்கவேண்டும் என்றால் சாதாரணமாகக் கட்டவேண்டும், அப்போது தற்செயலாக எங்கேயாவது இடித்தால்கூட விரல் காலி. மாஸ்டர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்தார். அண்ணி எனக்குப் பின்னால் நின்றார். யோசிக்க அவகாசம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"கட்டைவிரலை நல்லா சுத்திக் கட்டுங்க மாஸ்டர்" என்றேன்.

அண்ணி என் முதுகில் கிள்ளினார். நைனா நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

"இன்னாமா, கையில இன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யைச் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டே ரிங்குக்குள் போகவேண்டும். எனக்கு ஏற்கெனவே ஞாபகம் வைக்க நிறைய இருந்தது. "பலாப்பழம் வுழுந்துச்சு நைனா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வருகிற வரை சிரித்தார்.

"எத்தினி வருசமா இந்த சேர்ல குந்தினுகீறேன். எங்கிட்டயேவா?"

நான் மறுபடியும் சொன்னேன், நிஜமாகவே பலாப்பழம்தான் என்று. அவர் சரி சரி என்று கையை ஆட்டிக்கொண்டே அதிகாரியைக் கூப்பிட்டார். கையெழுத்து விழுந்தது. 

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் ரோசி தன் இடது கையைத் தூக்கிக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தாள். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அது என் வலது கைக்கு எதிரான கதவு. அலமேலுவின் வலது கை சரியில்லை என்று நம்பியிருந்தால் அந்தக் கதவை அவள் சாத்தவேண்டிய அவசியமே இல்லை. நைனா நான் சொன்னதை நம்பவில்லை. கட்டுப்போட்டுக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாள், சமயம் பார்த்து வலது கையை இறக்கப்போகிறாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருடைய கெட்டிக்காரத்தனம் அவரையே கவிழ்த்துவிட்டது.

இடது கையைக் கன்னத்தில் ஒட்டி வைத்தவள் அந்தக் கையால் குத்துவது எப்படி? அவளுடைய நல்ல ஆயுதத்தில் பாதியை அவளே கட்டிப்போட்டுவிட்டாள். என் வலது கையை விட்டு விலகி விலகி ஓடினாள். அப்படி விலகினால் என் இடது கைப் பக்கம்தான் வந்தாகவேண்டும். வந்தாள், வாங்கினாள். நானும் வாங்கினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒற்றைக் கையால் பத்து ரவுண்ட் என்பது விளையாட்டில்லை. நடுவில் தோள் மரத்துப்போய் இடது கையைத் தூக்கவே முடியாமல் கொஞ்ச நேரம் அடி மட்டும் வாங்கினேன். புருவம் கிழிந்தது. அண்ணி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே ரத்தத்தை நிறுத்தினார்.

எங்கள் ஊர் ஜனம் வேன் பிடித்து வந்திருந்தது. அவர்களுக்குக் கை விஷயம் தெரியாது. சோத்தாங்கையப் போடு அலமேலு, சோத்தாங்கையப் போடு என்று கூரை பிய்ந்துபோகிற அளவுக்குக் கத்தினார்கள். கத்தக் கத்த ரோசியின் கதவு இன்னும் இறுகியது. கூட்டத்தில் பெரிய தொண்டை யாருடையது தெரியுமா? என் அண்ணனுடையது. பழத்தை நழுவவிட்ட அதே அண்ணன். பின்னால் கேட்டதற்கு, எல்லாரும் கத்தினாங்க, நானும் கத்திட்டேன் என்றார்.

ஒன்பதாவது ரவுண்டில் அது வந்தது. என் இடது கை ஒன்று அவள் வயிற்றில் இறங்கியதில் ரோசி மடங்கினாள். அவளுடைய கதவு திறந்தது. முகவாய் எனக்கு நேராக, ஒன்றும் மறைக்காமல், தட்டில் வைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகளே, அந்த இடத்தில் வலது கையை இறக்கத்தானே இத்தனை வருஷமும் பழகினேன். மூளை சொல்வதற்கு முன்னால் தோள் கிளம்பிவிட்டது. பலாமரத்தடியில் நீண்டதே, அதே கை, அதே அவசரம். அப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் எழுந்து நின்றது கண்ணில் பட்டது. கையில் டவல். தோள் பாதியில் நின்றது. அதற்குள் ரோசி நிமிர்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கூட்டம் என்னைத் திட்டியது காதில் விழுந்தது.

ரவுண்ட் முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. போச்சே மாஸ்டர், முடிச்சிருப்பேனே என்றேன். அவர் என் வாயில் தண்ணீரை ஊற்றினார்.

"போடாத வரைக்குந்தான் அவளுக்கு அது கை. போட்டுட்டா உனக்கு வெறும் வலி. போ, மிச்சத்தையும் போடாம முடி."

அவர் சொன்னது சரி. வலியோடு போட்ட குத்து பஞ்சு மாதிரிதான் விழுந்திருக்கும். அதன் பிறகு அவளுக்குப் பயம் விட்டுப்போயிருக்கும், என்னைத் துவைத்துக் காயப்போட்டிருப்பாள். போடாமல் வைத்திருந்த கைதான் அவளைச் சாயங்காலம் முழுக்கக் கட்டிவைத்திருந்தது.

கடைசி ரவுண்டில் ரோசிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை நேரமாக வராத கை இனிமேலா வரப்போகிறது என்று முட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் போனால் தோற்றேன். நான் நின்ற இடத்திலேயே நின்று வலது தோளை மட்டும் இறக்கினேன், வருகிறது பார் என்கிற மாதிரி. பழக்க தோஷம், அவள் விலகினாள். விலகிய பக்கத்தில் என் இடது கை காத்திருந்தது. அடி விழுந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தாள், நல்ல தைரியசாலி, மணி அடிக்கிற வரை சண்டை போட்டாள். மூன்று ஜட்ஜுகளில் இரண்டு பேர் எனக்குக் கொடுத்தார்கள். பட்டம் என்னிடமே இருந்தது.

டிரெஸ்ஸிங் ரூமில் அண்ணி கத்திரிக்கோலால் டேப்பை வெட்டிக்கொண்டிருக்கும்போது நைனா வாழ்த்துச் சொல்ல வந்தார். துணி பிரிந்தது. நான் ஒரு குத்துகூடப் போடாத கைதான், ஆனாலும் தடுத்ததிலும் இடித்ததிலும் கட்டைவிரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி நீலம் பூத்திருந்தது. நைனா அதையே பார்த்தார். பழைய நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நெசமாவே பலாப்பழமா?"

"ஆமா நைனா."

"உண்மைய சொல்லியே என்னைக் கவுத்துட்டியேமா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணிகூடச் சிரித்துவிட்டார்.

இதைத்தான் கடைத்தெருவில் என் தந்திரம் என்கிறார்கள். தந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் நம்பியிருந்தால் ரோசி என்னைப் பாதியிலேயே அனுப்பியிருப்பாள். எதிராளியிடம் உண்மை பேசுங்கள், ஜெயிப்பீர்கள் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அவர்களுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். அடுத்த வருஷம் அதே ரோசியோடு மறுபடியும் சண்டை. கை நன்றாக ஆறியிருந்தது. நைனா வந்து உட்கார்ந்தார், கை எப்படிம்மா என்று கேட்டார். நல்லா இருக்கு நைனா, பழம் எறக்குறப்ப வூட்டுக்குள்ளயே இருந்துட்டேன் என்றேன். இந்த முறை அப்படியே நம்பினார். என் வலது கை முழுசாக வரும் என்று தெரிந்து, அது வருகிற வழியிலேயே ரோசி காத்திருந்து என்னை அடித்தாள். பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு. அதை நம் கணக்கில் வைக்கக்கூடாது.

நம் கையில் இருப்பது நம் மூலையில் நிற்பவர்கள் மட்டும்தான். மரத்தடியில் நடந்ததை நான் மாஸ்டரிடம் மறைத்திருந்தால் அந்த ஒன்பதாவது ரவுண்டில் அவர் டவலோடு எழுந்து நின்றிருக்கமாட்டார். மற்றவர்களோடு சேர்ந்து அவரும் போடு போடு என்றுதான் கத்தியிருப்பார். நானும் போட்டிருப்பேன். பட்டம் அடுத்த வருஷம் எப்படியும் போனது. கை அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே போயிருக்கும்.

நேற்று மறைத்தவளே, உனக்குத்தான். நாளைக் காலை அண்ணி இங்கே வருவார், கையைக் காட்டு. சண்டை உண்டா, ரத்தா, ஒரு கையோடு போவதா என்று பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று பயப்படாதே, நான் அப்படிப்பட்ட ஆள் என்றால் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்கமாட்டேன். இந்த வலது கையைப் பார், கட்டைவிரல் முழுசாக மடங்குகிறது. நீ வலது கையால் குத்துவது இந்தக் கையில் நான் மாட்டுகிற பேடில்தான். உன் முகத்தை நான் அப்புறம்தான் பார்த்தேன். உனக்கு வலிக்கிறது என்று முதலில் எனக்குச் சொன்னது இந்தக் கைதான்.